கடித்தால் மூடும் இமை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. பாலாற்றுப் படுகையின் இந்த ஊர்களில் தோலைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தோல் ஷாப்பில் பதனிட்ட ஆட்டுத்தோலை மேஜைமேல் விரித்துத் தரம் பிரிக்கும் செலக்டரின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை ஒருமுறை சாய்ப்பார். உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார். அவ்வளவுதான். இது முள் கீறியது, இது உண்ணி கடித்தது, இது உரிக்கும்போது கத்தி பட்டது, இந்த ஆடு தீனி இல்லாமல் காய்ந்தது. ஆடு எப்படி வாழ்ந்தது என்பது மொத்தமும் அவர் விரல் நுனிக்கு வந்துவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலிருந்து குரோம் காலம்வரை ரசாயனம் மாறியிருக்கிறது, அந்தத் தடவல் மாறவில்லை.

அதே ஊர்களில் மனிதனின் தோலைப் படிக்க ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது. பழைய வட ஆற்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்திருந்த மாவட்டங்களில் ஒன்று. முதுகிலோ முழங்கையிலோ வெளிறிய படை ஒன்று தோன்றும். கிள்ளினால் உறைக்காது, சுட்டாலும் உறைக்காது. வீட்டார் கண்ணில் அது பட்ட நாளிலிருந்து அந்த மனிதர் அவர்கள் கண்ணிலிருந்து மறையத் தொடங்குவார். முதலில் தனித் தட்டு, பிறகு திண்ணை, பிறகு ஊருக்கு வெளியே மரத்தடி, கடைசியில் ரயிலடியில் ஒரு தகரக் குவளை. எந்த ஜென்மத்துப் பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ என்று ஊர் பேசிக்கொள்ளும். தோல் வேலை செய்கிறவர்களையும் ஊர் எட்டத்தில்தான் நிறுத்தியிருந்தது. செத்த மாட்டின் தோலைத் தொட்டவர் சேரிக்குப் போனார், தன் தோல் மரத்துப்போனவர் சேரிக்கும் அப்பால் போனார்.

அந்த இரண்டு விலக்கங்களும் ஒரே பட்டறையில் சந்தித்தது வேலூர்ப் பக்கத்தில். இந்த மண்ணில் கிறிஸ்தவ விசுவாசம் உண்டாக்கிய அழகான பொருள் எது என்று என்னைக் கேட்டால், ஆலயக் கோபுரங்களையும் கீர்த்தனைகளையும் தாண்டி இரண்டைச் சொல்வேன். ஓர் இமை, ஒரு ஜோடி செருப்பு. இரண்டும் கைவேலை. குருடு என்று வேதம் எதைச் சொல்கிறது, அது எப்படி நீங்குகிறது என்பதை நான் கேட்ட பிரசங்கங்களைவிட அந்த இரண்டும் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன.

யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். பிறவிக் குருடன் ஒருவன் வழியோரம் இருக்கிறான். சீஷர்கள் அவனைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்பது. வட ஆற்காட்டுத் திண்ணைகளில் கேட்ட அதே கேள்வி. இயேசு இரண்டும் இல்லை என்கிறார். அதோடு விவாதத்தை முடித்துக்கொண்டு குனிந்து மண்ணில் உமிழ்ந்து, சேறு குழைத்து, அவன் கண்ணில் பூசி, சிலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்று அனுப்புகிறார். ஒரு வார்த்தையில் குணமாக்கக் கூடியவர் இந்த இடத்தில் கையை அழுக்காக்கிக்கொள்கிறார். அந்த அதிகாரத்தில் என்னை நிறுத்திவைக்கிற இடம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த மனிதன் கழுவிவிட்டுப் பார்வையோடு திரும்பும்போது, தன்னைக் குணமாக்கியவரின் முகத்தை அவன் இன்னும் பார்த்ததே இல்லை. விசாரிக்கிறவர்களிடம் முதலில் இயேசு என்கிற ஒரு மனிதர் என்கிறான். மறுமுறை கேட்டபோது தீர்க்கதரிசி என்கிறான். அதற்கடுத்து, தேவனிடத்திலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடுகிறான். பெற்றோர் பயந்து ஒதுங்கிக்கொள்கிறார்கள், ஜெப ஆலயத்தார் அவனை வெளியே தள்ளுகிறார்கள். அதற்குப் பிறகுதான் நேருக்கு நேர் சந்திப்பு, பணிதல். கண் ஒரு நொடியில் திறந்துவிட்டது. பார்க்கக் கற்றுக்கொள்ள ஓர் அதிகாரம் முழுக்கத் தேவைப்பட்டது. எதிர்த் திசையில், எல்லாம் தெரியும் என்றிருந்த பரிசேயர்கள் வசனத்துக்கு வசனம் இருட்டுக்குள் போகிறார்கள்.

வேலூர்க் கதையை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். பொதுவாகச் சொல்லப்படும் வாசிப்பில் வெள்ளைக்கார மிஷனரிகள் வெளிச்சம் கொண்டுவந்தார்கள், இங்கிருந்தவர்களின் கண் திறந்தது. நடந்ததைக் கூர்ந்து பார்த்தால், முதலில் கண் திறக்க வேண்டியிருந்தது வந்தவர்களுக்கே. ராணிப்பேட்டையில் 1870ல் மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்த ஐடா ஸ்கடர் மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்துக் கதவைத் தட்டி, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவக் கேட்டார்கள். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கமாட்டார்கள், ஐடா மருத்துவர் இல்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். வேலூரில் 1902ல் ஷெல் ஆஸ்பத்திரியும், 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும், பிறகு சிஎம்சி என்று இன்று உலகம் அறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அந்த இரவிலிருந்து வந்தவை. இதை வேலூரில் குழந்தைகளும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை.

எனக்கு இதைவிட நெருக்கமானது 1947ல் செங்கல்பட்டில் நடந்தது. அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை நடத்தியவர் ராபர்ட் காக்ரேன், தோல் நிபுணர். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்திருந்தார். டாப்சோன் மருந்தும் அப்போது கைக்கு வரத் தொடங்கியிருந்தது. வேலூருக்குப் புதிதாக வந்திருந்த எலும்பு மருத்துவர் பால் பிராண்டை அழைத்துப்போய், நோயாளிகளின் தோலில் இருந்த படைகளை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார் காக்ரேன். பிராண்டின் கண் தோலில் நிற்கவில்லை, கைகளுக்குப் போய்விட்டது. மடங்கிய விரல்கள், குறைந்துபோன விரல்கள், விரலே இல்லாத கைகள். இத்தனை ஊனத்துக்கு எலும்பு மருத்துவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை என்பது பதில். போலியோவுக்கும் விபத்துக்கும் ஓடிய ஒரு துறை முழுவதும் இந்தக் கைகளைப் பார்க்காமலே கடந்திருக்கிறது. கெட்ட எண்ணத்தால் அல்ல. சதை தானாக அழுகி உதிர்கிறது, அதை யாரும் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். குருட்டுத்தனத்தின் சாதாரண உருவம் இதுதான் என்று நினைக்கிறேன். தெரியும் என்ற நினைப்பு கண்ணை மூடிவிடுகிறது.

அங்கே தரையில் உட்கார்ந்து ஓர் இளைஞர் தன் செருப்பைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் மடங்கி விறைத்திருந்ததால் வாரைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி இழுக்கிறார், வார் நழுவுகிறது, மறுபடி இடுக்குகிறார். பிராண்ட் அருகில் போய் அந்தக் கையைப் பிடித்தார், தன் கையை உள்ளே கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்துங்கள் என்றார். பலவீனமான பிடி ஒன்றை எதிர்பார்த்தவருக்கு வலியில் உயிர் போயிற்று. செத்துவிட்டதாக எல்லோரும் எழுதி வைத்த கையில் அத்தனை பலம். அப்படியானால் தசைகள் எல்லாம் போகவில்லை, சில போயிருக்கின்றன, சில முழுசாக இருக்கின்றன. இருப்பதை எடுத்து இல்லாததன் வேலைக்கு வைக்கலாம். ஒரு கைகுலுக்கலில் நூற்றாண்டுகளின் தீர்ப்பு உடைந்தது. அந்த இளைஞருக்குத் தன் கை எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறது என்பதே தெரியாது, ஏனென்றால் உணர்ச்சி இல்லை.

பிராண்ட் கொல்லிமலையில் 1914ல் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி அங்கே மிஷனரி. மகன் மருத்துவம் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் சில ஆண்டுகள் கட்டட வேலை கற்றவர், தச்சும் கொத்தும் கைவந்தவர். இதை வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் செய்த அறுவையில் தச்சனின் கணக்கு இருக்கிறது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநாண் ஒன்றை அதன் இடத்திலிருந்து விடுவிப்பார். நீளம் போதாது. கெண்டைக்காலில் இருக்கும் மெல்லிய நாண் ஒன்றை எடுத்து ஒட்டுப்போட்டு நீட்டுவார். அந்த நாணை நான்கு வாலாகப் பிரித்து, உள்ளங்கை வழியாகத் தோலுக்கடியில் செலுத்தி, நான்கு விரல்களிலும் ஒவ்வொன்றாகப் பொருத்துவார். எந்த வால் எவ்வளவு இழுபட வேண்டும் என்பதில் இருக்கிறது கலை. ஆட்காட்டி விரலுக்கு ஒரு இழுவை, சுண்டுவிரலுக்கு வேறு. அளவுகோல் உதவாது, கைக்குத் தெரிய வேண்டும். வேலூரில் 1948ல் இந்த வேலை தொடங்கியபோது, தொழுநோயாளியை உள்ளே விட்டால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் இருந்ததால், மண்சுவர் வைத்த ஒரு சாமான் அறைதான் கிடைத்தது. இங்கிலாந்தின் அறுவை மருத்துவக் கல்லூரி ஹன்டேரியன் சொற்பொழிவுக்கு அவரை 1952ல் அழைத்தது.

கை சரியானவுடன் கதை சுபமாக முடிந்துவிடவில்லை. முதல் நோயாளிகளில் ஒருவர், படித்தவர், அறுவைக்குப் பிறகு வெளியே போனார், சில காலம் கழித்து மெலிந்து திரும்பி வந்தார். நீங்கள் கொடுத்தவை பிச்சைக்கு உதவாத கைகள் என்றார். மடங்கிய விரலைப் பார்த்தால் காசு போடுவார்கள், நேரான விரலுக்குப் போடமாட்டார்கள். ஆனாலும் அடையாளம் தெரிகிறது, அதனால் வேலையும் கிடைக்காது, வாடகைக்கு அறையும் கிடைக்காது. பிராண்டுக்கு இது இரண்டாம் திறப்பு. கையைப் பார்த்தவர் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் போகவேண்டிய தெருவைப் பார்க்கவில்லை. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் அப்படிப் பிறந்தது. மண் குடிசைகள், தச்சுப் பட்டறை, பொம்மை செய்யும் வேலை.

விரல்கள் உண்மையில் எப்படிக் காணாமல் போகின்றன என்பதும் அங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்தான். அவன் விரலைப் பிடித்துப் பார்த்தால் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. இரவில் படுத்தவர்கள் காலையில் விரல் குறைந்து எழுந்தார்கள். காவல் இருந்து பார்த்ததில், எலி. அதன் பிறகு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்கள். அழுகல் நோய் என்று ஈராயிரம் ஆண்டாக உலகம் சொன்னது அழுகலே இல்லை. வலி தெரியாததால் அன்றாடம் படும் காயங்களின் கூட்டுத் தொகை அது.

இனி இமைக்கு வருகிறேன். பிராண்டின் மனைவி மார்கரெட் பிராண்ட் மருத்துவர்தான், ஆனால் கண் மருத்துவர் இல்லை. ஷெல் கண் ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை, வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கண்ணைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று பதில் எழுதினார். கற்றுக்கொள்வீர்கள், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று திரும்பி வந்தது சீட்டு. தொழுநோயாளிகளின் கண் பற்றி உலகம் பின்னாளில் யாரிடம் கேட்டதோ அவர் இப்படித்தான் உள்ளே வந்தார். அழைப்பு என்று சபையில் நாம் பெரிதாகப் பேசுவது சில சமயம் இவ்வளவு சாதாரணமான சீட்டாக வருகிறது.

நாம் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை கண் சிமிட்டுகிறோம், ஒன்றையும் அறிவதில்லை. தொழுநோய் முகத்தின் நரம்பைத் தாக்கினால் இமைகளை மூடும் தசை செயலற்றுப் போகும். கருவிழியின் உணர்ச்சி நரம்பும் போய்விட்டால் தூசி விழுந்தால் தெரியாது, காய்ந்தால் தெரியாது, கண் திறந்தே தூங்கினாலும் தெரியாது. கருவிழி மெல்லப் புண்ணாகி, ஆறி, புண்ணாகி, ஒருநாள் வெள்ளையாகிறது. கையும் காலும் ஏற்கெனவே மரத்தவருக்கு உலகத்தோடு மிஞ்சியிருந்த முக்கியமான தொடர்பு கண். அதுவும் போனால் அவரிடம் உலகம் காது வழியாக மட்டுமே போய்ச் சேரும். சாதாரணக் குருடர் விரலால் தடவி அறிவார். இவருக்கு விரலும் சொல்லாது.

அதைத் தடுக்கும் அறுவை ஒன்று உண்டு. உள்ளங்கையை உங்கள் நெற்றிப்பொட்டில் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். ஒரு தசை எழுந்து அடங்கும். மெல்லுவதற்கான தசை அது, அதன் நரம்பு வேறு, பெரும்பாலும் இந்த நோயில் தப்பிவிடும். அந்தத் தசையிலிருந்து ஒரு பட்டையை அடி அறாமல் பிரித்துத் திருப்பி, அதன் நுனியில் உறுதியான ஜவ்வு நாடா ஒன்றை இணைத்து, நாடாவை இரண்டாகக் கிழித்து, மேலிமை வழியாக ஒன்றும் கீழிமை வழியாக ஒன்றும் தோலுக்கடியில் இழுத்து, மூக்கோரம் இருக்கும் இணைப்பில் கட்டுகிறார்கள். இழுவை கூடினால் இமை கண்ணைவிட்டு விலகிப் பிதுங்கும், குறைந்தால் மூடாது. மயிரிழை கணக்கு. இப்போது அந்த மனிதர் பல்லைக் கடித்தால் கண் மூடும்.

இதன் அழகு முழுவதும் தெரிவது கட்டுப் பிரித்த பிறகு. இமை தானாகச் சிமிட்டாது. அதற்குச் சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்து பழகுகிறார்: கடி, மூடு, விடு, திற. ஒரு நாளில் எத்தனையோ முறை. சாப்பிடும்போது ஒவ்வொரு கவளத்துக்கும் கண் மூடி மூடித் திறக்கும், முதலில் அவருக்கே விநோதமாக இருக்கும். பேசும்போது, நடக்கும்போது, காற்று அடிக்கும்போது நினைவாகக் கடிக்க வேண்டும். மறந்தால் கருவிழி காயும், வலிக்காது, யாரும் எச்சரிக்கமாட்டார்கள். நமக்கெல்லாம் இயல்பாக நடப்பதை அவர் ஒவ்வொரு முறையும் மனதறிந்து செய்கிறார். மாதக்கணக்கில் செய்து செய்து கொஞ்சம் கொஞ்சமாக அது பழக்கத்துக்கு வருகிறது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. நான் குருடனாக இருந்தேன், இன்ன தேதி, இன்ன கூட்டத்தில் கண் திறந்தது, அன்றிலிருந்து எல்லாம் புதிது. அப்படிச் சொல்பவர்களை நான் சந்தேகிக்கவில்லை. சிலருக்கு அந்த நாள் உண்மையில் அவ்வளவு பிரகாசமானது. ஆனால் அந்தச் சாட்சிகளில் மறுநாள் இருப்பதில்லை. மனந்திரும்பிய மனிதன் மறுநாள் காலையில் எழுந்து பழைய கோபத்தோடு, பழைய சாதிப் புத்தியோடு, பழைய பண ஆசையோடு பல் தேய்க்கிறான். புதிய இமை தைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் கடித்தால்தான் மூடும். வேலைக்காரப் பெண்ணிடம் பேசும்போது நினைவாக, கூலி எண்ணிக் கொடுக்கும்போது நினைவாக, வாசலில் நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைவாக. மாற்கு சுவிசேஷத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனுக்கு இயேசு இரண்டு முறை கை வைக்கிறார். முதல் முறையில் மனிதர்கள் நடமாடும் மரங்களாகத் தெரிகிறார்கள். மனிதர்கள் மனிதர்களாகத் தெரிய இரண்டாவது தொடுகை வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேசவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கிருபை அறுவையை முழுதாகச் செய்து முடிக்கிறது, அதில் நமக்குப் பங்கில்லை. பயிற்சி நம்முடையது.

செருப்புக்கு வேலூரிலிருந்து காட்பாடி தாண்டிப் போக வேண்டும். கரிகிரியில் 1955ல் தொடங்கிய ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் கல்லும் வெயிலுமான இடத்தில் எழுந்தது. அங்கே இருந்த எர்னஸ்ட் ஃபிரிட்ஷி என்ற அறுவை மருத்துவர் வரப்புக் கட்டி, மழைநீரை நிறுத்தி, மரம் வைத்து அந்தப் பொட்டலையே தோப்பாக்கினார், அது தனிக் கதை. அங்கே உருவான செருப்பை இந்தியா முழுக்கத் தொழுநோய்ப் பணியில் இருப்பவர்கள் எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். நுண்துளை ரப்பர் செருப்பு.

ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் கண் தைப்பைப் பார்க்கும், மேல்தோலின் பளபளப்பைப் பார்க்கும், ஜோடியின் இரண்டு அப்பரும் ஒரே நிறமா என்று பார்க்கும். லாஸ்ட் என்கிற அச்சுக் கால் ஒன்று உண்டு, ஷூ அதற்குப் பொருந்தும். பிறகு அந்த ஷூவுக்கு மனிதர் பொருந்திக்கொள்வார். கடித்தால் இரண்டு நாள் கடிக்கும், பழகிவிடும் என்போம். மரத்த பாதத்துக்கு இந்த ஒப்பந்தம் செல்லாது. செருப்புக் கடித்தால் அது சொல்லாது. நன்றாக இருக்கும் கால் ஓரிடத்தில் நோகத் தொடங்கினால் நமக்குத் தெரியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம், பாரத்தை வேறு பக்கம் சாய்க்கிறோம். மரத்த கால் ஒரே இடத்தில் ஆயிரம் அடி, பத்தாயிரம் அடி வைத்துக்கொண்டே போகும். முள் வேண்டாம், ஆணி வேண்டாம், வெறும் நடையே குழிப்புண் ஆக்கிவிடும். ஆகவே இங்கே செருப்புத் தைப்பவர் முதலில் காலைப் படிக்க வேண்டும். மை பூசிய ரப்பர் விரிப்பில் நடக்கவிட்டுத் தடம் எடுப்பார்கள். பாரம் அதிகம் விழும் இடம் கறுத்துத் தெரியும். பெரும்பாலும் கட்டைவிரலுக்குக் கீழே, அல்லது முன்பாதத்தின் எலும்பு முனைகளில். நோயாளியால் சொல்ல முடியாத வலியைத் தடம் சொல்கிறது.

அந்தச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு தீர்மானமும் தெரியும். மேலே கால் படும் இடத்தில் பத்து முதல் பதினைந்து மில்லிமீட்டர் கனத்தில் மென்மையான நுண்துளை ரப்பர். கீழே முள்ளும் கண்ணாடிச் சில்லும் ஏறாத கடினமான அடி. ஓர் ஆணிகூடக் கிடையாது, எல்லாம் பசையும் தையலும். அடி தேயும்போது ஆணி மேலே எழுந்து வந்தால் அந்தக் காலுக்குத் தெரியாதே. விரலிடுக்கில் நுழையும் வார் இல்லை, கட்டைவிரல் வளையம் இல்லை. இரண்டும் அறுக்கும். வார்கள் அகலமாக, ஓரம் மடித்துத் தைத்து, உள்பக்கம் மெத்தென்று. குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை. மரத்த காலிலிருந்து செருப்பு நழுவினால் அதன் சொந்தக்காரர் அது இல்லாமலே அரை மைல் நடந்துவிடுவார். தைத்து முடித்தவர் உள்ளே கைவிட்டு எல்லா மூலையிலும் தடவிப் பார்க்கிறார். தூக்கி நிற்கும் நூல் முனை, பசைக் கட்டி, மடிப்பு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. ஆம்பூர் செலக்டரின் அதே தடவல். அவர் ஆட்டின் பழைய காயங்களைத் தேடுகிறார். இவர் ஒரு மனிதருக்கு வரப்போகும் காயத்தைத் தேடுகிறார், அந்த மனிதரின் பாதத்துக்காகத் தன் விரல்கள் நோகின்றனவா என்று பார்க்கிறார். கைவினை என்ற பெயரில் நான் பார்த்து வியந்தவற்றுள் இதற்கு மேலான ஒன்று இல்லை.

ஒரு குறையும் இருந்தது, நல்ல கைவினைஞர்கள் அதையும் மறைக்கவில்லை. கறுப்பு ரப்பரும் பின்பட்டையும் கொண்ட அந்தச் செருப்பே அடையாளமாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகும். காலைக் காப்பாற்றும் செருப்பை வீட்டில் விட்டுவிட்டு, காலைத் தின்னும் அழகான செருப்பைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்கள். அவர்களை யார் குற்றம் சொல்ல முடியும்? அடுத்து வந்த வேலை, அந்தச் செருப்பை மற்ற செருப்புகள்போல் ஆக்குவது. நிறம் மாறியது, வார் அமைப்பு மாறியது, மென்ரப்பர் சாதாரண ஷூவின் வயிற்றுக்குள் ஒளிந்தது. பார்ப்பவர் கவனிக்காமல் கடந்து போனால் அந்தக் கைவேலை ஜெயித்தது. கையெழுத்துப் போட ஆசைப்படாத கலை இது. செய்தவரின் பேரும் தெரியாது, செய்ததும் தெரியாது, ஒருவர் ஐம்பது வயதிலும் இரண்டு காலோடு நடக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

1980களின் தொடக்கத்தில் கூட்டு மருந்து சிகிச்சை பரிந்துரைக்கப்பட்ட பிறகு நோய் வெகுவாகக் குறைந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கிவிட்டதாக இந்தியா 2005ன் முடிவில் அறிவித்தது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான் இருக்கிறார்கள். வெளிறிய, உணர்ச்சியற்ற படையைக் கண்டால் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மருந்து இலவசம், ஊனம் வராமலே தடுக்கலாம்.

அந்தச் செருப்புக்கு இன்று புதிய சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள். சர்க்கரை நோயிலும் பாதம் மரத்துப்போகிறது, அதே குழிப்புண். ஒருகாலத்தில் அந்தக் கறுப்புச் செருப்பைக் கண்டு ஒதுங்கிய வீடுகளின் பெரியவர்களே இப்போது கடையில் எம்.சி.ஆர். இருக்கிறதா என்று கேட்டு வாங்குகிறார்கள். வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரில் கடினமான ரப்பரும் விற்கிறது. மேல் ரப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். கனம் பாதியாகக் குறைய வேண்டும், விட்டவுடன் பழைய உயரத்துக்கு எழ வேண்டும். அமுங்காவிட்டாலும் அமுங்கியபடியே கிடந்தாலும் வாங்காதீர்கள். போடும் முன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல விளக்கு வெளிச்சத்தில், விரலிடுக்குகளையும் சேர்த்து.